கடைசி இடத்து அலுவலர்

புதுக் கண்டுபிடிப்புகளில் நாட்டிலேயே கடைசி இடம் எப்போதும் தங்கள் மாகாணத்துக்குத்தான் என்பதில் புத்தாக்க அலுவலருக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் இருப்பவர்களைக் கைதூக்கிவிட தலைநகரிலிருந்து தனி நிதி வரும். அவருடைய குளுகுளு அறை, டிரைவரோடு கார், யாரும் தொடாத ஒரு பெரிய இயந்திரம் எல்லாம் அந்த நிதியில் வந்தவைதான்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட்டவள் அவருடைய சொந்த மச்சினி. வெங்காயக் கிடங்கு வைத்திருப்பவள். ஒருநாள் சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாள்.

"அத்தான், எந்த மூட்டையில அழுக ஆரம்பிக்குதுன்னு இது மோந்து பாத்துக் கத்தும். ரெண்டு சீசனா ஒரு மூட்டைகூட வீணாகல. காப்புரிமைக்கு யாருக்கு எழுதணும்?"

பெட்டி கீச்சென்று கத்தியது.

"உங்க சாப்பாட்டுப் பையைப் பாருங்க, என்னமோ ஊசிப்போச்சு" என்று சிரித்தாள்.

அலுவலர் மனக்கணக்குப் போட்டார். காப்புரிமைகளை எண்ணித்தான் இடம் தருகிறார்கள்; ஒன்றே ஒன்று வந்தாலும் தங்கள் மாகாணம் பக்கத்து மாகாணத்தை முந்திவிடும். நிதி அங்கே போய்விடும்.

"என்னம்மா அவசரம்? இன்னும் கொஞ்சம் மெருகேத்திட்டு அடுத்த வருஷம் பாக்கலாமே."

"மெருகேத்த இது என்ன நகையா?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தலைநகரில் ஒரு கம்பெனி அவளோடு ஒப்பந்தம் போட்டுத் தானே விண்ணப்பித்தது. காப்புரிமை கிடைத்தது. ஏற்கெனவே முதலிடத்தில் இருந்த தலைநகரின் கணக்கில் இன்னொன்று ஏறியது.

"உங்க கடைசி இடம் பத்திரமா இருக்கு, நிம்மதியா சாப்பிடுங்க" என்றாள் மனைவி, தட்டை நகர்த்தி வைத்து.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. நம் வீட்டுப் பெண் அழுகல் நாற்றத்தில் நின்று செய்ததற்கு, வெங்காயத்தைக் கடையில் மட்டுமே பார்த்தவர்களுக்குப் பேரா?

மறுநாள் தலைநகருக்குப் போன் போட்டார்.

"செஞ்சவங்க இங்க, கிடங்கு இங்க, அழுகுன வெங்காயம்கூட எங்களோடதுதான் சார்!"

"கம்பெனியோட தலைமை ஆபீஸ் இங்க இருக்கே. அதைத்தான் கணக்குல எடுப்போம்."

"அப்போ எந்த ஜென்மத்துல சார் நாங்க மேல வர்றது?"

"மேல வந்தா உங்க நிதி நின்னுடும். தெரியும்ல?"

அலுவலர் ஜன்னல் வழியே காரைப் பார்த்தார். டிரைவர் அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "எங்க கணக்குக்கு மாத்துங்க."

அவர் தினமும் போன் போட்டு நச்சரித்ததில் சலித்துப்போய் மாற்றினார்கள். மாகாணம் ஒரு படி ஏறியது. கார் போனது. "எங்களைக் கடைசிக்குக் கொண்டுவந்ததுக்கு ரொம்ப நன்றி சார்" என்று பக்கத்து மாகாண அலுவலர் மனமார வாழ்த்தினார்.

இப்போதெல்லாம் மச்சினியின் வெங்காய லாரியில்தான் அவர் அலுவலகம் போகிறார்.

"வருத்தமா அத்தான்?" என்று கேட்டாள் அவள், கியரை மாற்றியபடி.

"சட்டையெல்லாம் வெங்காய வாடை" என்று முகத்தைச் சுளித்தார். கொஞ்ச தூரம் போனதும் மெல்லக் கேட்டார்: "உருளைக்கிழங்குக்கும் இதே மாதிரி ஒண்ணு பண்ண முடியுமாம்மா?"