பிராக்டனின் பன்னிரண்டாவது புத்தகம்

மேடையில் நின்ற பெண் லொயிட் பிராக்டனின் வாழ்க்கை வரலாற்றை வாசிக்கத் தொடங்கியபோதே செலீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒஹாயோவில் ஓர் இறைச்சிக்கடைக்காரரின் மகன். முதல் நாவல் தகப்பனைப் பற்றியது. அது வந்த பிறகு தகப்பன், என் செத்தவீட்டுக்கும் வராதே என்று சொல்லிவிட்டாராம். இரண்டாவது, முதல் மனைவிக்கு மனநிலை பிசகியதைப் பற்றியது. நான்காவது, வியட்நாம் போரில் காலை இழந்த பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றியது. பரிசுகள், சினிமாப் படங்கள், மூன்று கலியாணங்கள். எல்லாவற்றையும், மொழிபெயர்க்கக் கூட வந்த அகஸ்ரின் அவள் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்தாளுக்கெண்டு சொந்தமாய் ஒரு சீவியமும் இல்லையோ அண்ணை?"

"மெல்லக் கதை பிள்ளை. எல்லாரும் பாக்கினம்."

பார்க்கட்டுமே! அதற்காகத்தானே சனிக்கிழமையும் அதுவுமாக, நகரின் மறுகோடியிலிருக்கும் ஸ்காபரோவிலிருந்து பஸ்ஸும் சப்வேயும் மாறி, பத்து வயது மகள் ஏஞ்சலாவையும் இழுத்துக்கொண்டு இந்த நூலக மண்டபத்துக்கு வந்திருக்கிறாள்.

நாலு வருடத்துக்கு முன், தொண்ணூற்று மூன்றில், லோயரின் கந்தோரில் காத்திருந்தபோது இந்தப் பிராக்டன் கொப்பியும் பேனையுமாக வந்து அவளுடைய கதையைக் கேட்டான். எழுத்தாளன் என்று சொன்னான்தான், யார் நம்பியது? கொப்பி வைத்திருக்கிற வெள்ளைக்காரன் என்றால் அரசாங்கத்தின் ஆள், மறுத்தால் கேஸ் போய்விடும் என்றுதான் அகதியாக வந்த எல்லோரும் நினைத்தார்கள். அகஸ்ரினும் அப்படியே நினைத்தார். செலீன் வீட்டுக்கே கூப்பிட்டு, ரோல்ஸ் பொரித்துக் கொடுத்து, அகஸ்ரின் மொழிபெயர்க்க, மூன்று சனிக்கிழமை சொன்னாள். மன்னாரிலிருந்து மூன்று வயதுப் பிள்ளையோடு படகேறியது, நடுக்கடலில் ரோந்துக் கப்பல் சுட்டது, படகு கவிழ்ந்தது, எல்லாம் சொன்னாள். முடிவில் அவன் ஒரு தாளை நீட்டினான். நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டுப் பழகியவள், அதிலும் போட்டாள். அதன் பிரதி ஒன்றுகூடக் கேட்டு வாங்கவில்லை.

போன மாதம் அகதி விசாரணையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் போன வருடம் வந்த பிராக்டனின் பன்னிரண்டாவது புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். நீ முதலில் தந்த படிவத்தில் அரைப் பக்கம்தான் இருந்தது, இந்த வருடம் தந்த நீண்ட வாக்குமூலம் இந்த நாவலைப் பார்த்து எழுதினது என்றார். ஆறு கிழமைக்குள் ஆதாரம் இல்லையென்றால் தாயும் மகளும் திரும்பிப் போகவேண்டியதுதான். லோயர் பிராக்டனுக்கு இரண்டு கடிதம் போட்டார். ஒரு பதிலும் இல்லை.

இப்போது மேடையில் பிராக்டன் படகு கவிழ்கிற இடத்தையே எடுத்து வாசித்தான். தாய் கவிழ்ந்த படகைப் பிடிப்பதற்காகப் பிள்ளையின் கையை விடுகிறாள். பிள்ளை தாழ்ந்துபோகிறது. முன்வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். தாழ்ந்துபோன பிள்ளையோ இங்கே சிப்ஸ் பக்கற்றைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தது.

"என்ரை பிள்ளையைச் சாக்காட்டிப்போட்டு நிண்டு வாசிக்கிறான், நாசமாய்ப் போவான்!" செலீன் எழும்பிவிட்டாள். "அண்ணை, சொல்லுங்கோ. உது என்ரை கதை, களவெடுத்தவன் எண்டு சொல்லுங்கோ."

"ஐயோ, மானம் போகப்போகுது."

"போகட்டும். சொல்லுங்கோ!"

அகஸ்ரின் தலையைக் குனிந்தபடி இங்கிலீஷில் சொன்னார். மண்டபம் திரும்பிப் பார்த்தது. பிராக்டனின் முகம் சிவந்தது.

"களவா? இந்தப் பெண் தன் கதையைத் தானே எனக்குச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று ஜூனில் கையெழுத்தும் போட்டுத் தந்தாள். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. நாளைக்கே இவளுடைய லோயருக்கு அனுப்புகிறேன், அதோடு வாயை மூடட்டும்." அதோடு அவன் விடவில்லை. "கையை விட்டதும் இவள் சொன்னதுதான்."

அகஸ்ரின் கடைசி வசனத்தை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் செலீனுக்கு அந்தளவு இங்கிலீஷ் விளங்கும்.

"தேங்க்யூ," என்று சொல்லிவிட்டு இருந்தாள். அவளுக்குத் தேவைப்பட்டது, புத்தகம் வருமுன்பே கதை அவளுடையது என்று காட்டுகிற அந்தத் தாளும் அந்தத் திகதியும்தான். அடிக்க ஓங்கிய தடியை மடையன் தானே அவள் கையில் தந்துவிட்டான். சொன்னபடியே அது ஃபக்ஸில் வந்தது, கேஸும் வென்றது. அதெல்லாம் பிறகு.

அன்று திரும்பி வந்த பஸ்ஸில் ஏஞ்சலா தின்னாத சிப்ஸ் பக்கற்றைத் தாயின் மடியில் வைத்தாள்.

"அம்மா, நீங்கள் ரியலி என்ரை கையை விட்டனீங்களோ?"

அவன் பொய்யன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் இது என்னுடைய கதை என்று இப்போதுதானே இருநூறு பேருக்கு முன்னால் கத்திவிட்டு வருகிறாள்.

"ஓம். விட்டனான். படகைப் பிடிக்க விட்டனான். பிறகு தண்ணிக்குள்ளை சுழியோடி உன்ரை தலைமயிரிலை பிடிச்சு இழுத்தனான். அதையும் அவனுக்குச் சொன்னனான்."

"அப்ப ஏன் அவர் அதை எழுதேல்லை?"

"எழுதினால் ஆர் அழுறது?"

அவர்களுடைய பஸ் தரிப்பு வந்தது. செலீன் வழக்கம்போலக் கையை நீட்டினாள். ஏஞ்சலா இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனாள்.