எங்கே என்று கேட்காத வீடு

எங்கள் வீட்டில் யாராவது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால் "எங்கே போறே?" என்று யாரும் கேட்கமாட்டோம். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். கேட்டால் போகிற காரியம் கெட்டுப்போகும். தப்பித்தவறி யாராவது கேட்டுவிட்டால், போகிறவர் திரும்ப உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். பங்குச் சாமியார் பூசையில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று கண்டிப்பார். கோயிலை விட்டு வெளியே வந்ததும் அவருடைய சமையல்காரரே, "சாமி, தூரமாங்களா?" என்று சுற்றி வளைத்துத்தான் கேட்பார்.

எழுபதாம் வருஷம் தை மாதத்தில் ஒரு விடியற்காலை, எங்கள் பெரியண்ணன் மதலைமுத்து கிளம்பினபோதும் நாங்கள் கேட்கவில்லை.

பூம்புகார் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் தெரு. ஆட்சி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. தெருமுனையில் ஆட்சிக் கட்சியின் கறுப்புச் சிவப்புக் கொடி ஒரு பக்கம், விவசாயக் கூலிகள் சங்கத்துச் சிவப்புக் கொடி எதிர்ப் பக்கம். அறுப்புக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டதற்காகப் பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கியிருந்தார்கள். பெரியண்ணன் சங்கத்துக்காரன். அன்று கிளம்பும்போது சின்னண்ணன் குழந்தைராஜ் விழித்துக்கொண்டு படுத்திருந்தான். கேட்க வாயைத் திறந்தானாம். அம்மா சவரியம்மாள் கையை ஆட்டி அடக்கிவிட்டாள்.

பொழுது போயும் பெரியண்ணன் வரவில்லை. முந்தின நாள் அவன் ஆற்றங்கரையில் தங்கியிருந்த வெளியூர் ஆட்களைப் பற்றிப் பேசியதை வைத்துக்கொண்டு மேற்கே ஆற்றங்கரை முழுக்கத் தேடினோம். இரண்டு நாள் தேடினோம். அவன் கிழக்கே, கீழ வாய்க்கால் மதகடியில் கிடந்தான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அடித்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. உடம்பை அறுத்துப் பார்த்த டாக்டர், நாங்கள் தேட ஆரம்பித்த முதல் நாள் ராத்திரி வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

சின்னண்ணன் அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் தள்ளினான், வீட்டுக்கு வந்து குளித்தான், மறுநாள் வேலைக்குப் போனான். விவசாய ஆபீசில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. புது ரக நெல்லை எப்படி நடுவது, எவ்வளவு உரம் போடுவது என்று ஊர் ஊராகப் போய்க் காட்டுவான். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பான். என்ன குழம்பு என்றால் தெரியாது. அப்படியே ஐந்து மாதம் போயிற்று. ஆனி மாதத்தில், நெல் சாகுபடிப் பயிற்சிக்கு ஆறு மாதம் பிலிப்பைன்ஸ் தேசத்துக்கு அனுப்புகிறோம் என்று சர்க்கார் ஆர்டர் வந்தது. அதையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

அவன் கடிதத்தில் எழுதியதையும் பிற்பாடு வாயால் சொன்னதையும் சேர்த்துத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். அங்கே பேசிக்கொண்டது கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் அவர்கள் பாஷை. நான் நம்ம பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சி விடுதியில் இடமில்லாமல் பக்கத்துத் தெருவில் ஒரு விதவை அம்மாள் வீட்டில் அவனைத் தங்கவைத்தார்கள். பெயர் ஆலிங் சியோன். ஆலிங் என்றால் நாம் அக்கா, அத்தை என்கிற மாதிரி. வாசலில் அடுப்பு வைத்து ஆவியில் வேகும் அரிசிப் பண்டம் விற்பாள். மூன்று வேளையும் சோறு, காலையில்கூட வறுத்த கருவாட்டோடு சுடுசோறு. ஆனால் கையால் தொடாமல் கரண்டியும் முள்ளும் பிடித்துத் தின்னவேண்டும். ஆமாம் என்று வாயால் சொல்லமாட்டார்கள், புருவத்தை மேலே தூக்குவார்கள். "குளிக்கத் தண்ணி இருக்கா?" என்று அண்ணன் கேட்டான். அந்த அம்மாள் புருவத்தைத் தூக்கினாள். பதில் வரும் என்று இவன் துண்டோடு நின்றுகொண்டே இருந்தானாம்.

அங்கே யாராவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தெருவில் போகிறவரை, வாங்க சாப்பிடலாம் என்று கூப்பிடுவார்கள். வயிறு நிறைஞ்சிருக்கு என்று சொல்லிவிட்டுப் போகவேண்டும், அதுதான் மரியாதை. இவனுக்குத் தெரியுமா? வயல் வரப்பில் ஒரு கிழவர் கூப்பிட்டார், இவன் உட்கார்ந்தான். நம்ம பக்கத்தில் எங்களைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி யார் கூப்பிட்டிருக்கிறார்கள், கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பழக? அவர் மத்தியானச் சோறு முழுவதையும் தின்றுவிட்டு எழுந்தான். கிழவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தாராம். விஷயம் தெரிந்தபிறகு வெட்கமாக இருந்ததா என்று கேட்டேன். "இருந்திருக்கணும்" என்றான்.

இதெல்லாம் பழகிப்போயிற்று. ஒன்றுதான் பழகவில்லை. அந்த ஊரில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் வணக்கம் சொல்வதில்லை. "சான் கா புபுண்டா?" என்பார்கள். எங்கே போறே என்று அர்த்தம்.

முதல் நாள் காலையில் வயலுக்குக் கிளம்பினான். அடுப்படியிலிருந்து ஆலிங் சியோன் கேட்டாள். இவன் திரும்பி உள்ளே போய்த் தண்ணீர் குடித்து, கட்டிலில் உட்கார்ந்து, பிறகு கிளம்பினான். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் மாங் இஸ்கோ கேட்டார். திரும்பினான். தண்ணீர் குடித்தான். மூன்றாம் தடவை ஒரு வண்டிக்காரன் ஓடுகிற வண்டியிலிருந்து தலையை நீட்டிக் கேட்டுவிட்டுப் போனான். வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்றவர்கள் பாதி நாற்று நட்டு முடித்திருந்தார்கள். நான்கு நாளும் இப்படியே. அதில் அவனுக்கு நம்பிக்கை இருந்ததா என்றால், கால் தானாகத் திரும்பியது என்றான்.

ஐந்தாம் நாள் ஆலிங் சியோன் ஒரு கோப்பை நிறையக் கறுப்பாக எதையோ கொண்டுவந்து நீட்டினாள்.

"குடி."

"என்னங்க இது?"

"கொய்யா இலைக் கஷாயம். வெக்கப்படாதே. புது ஊருத் தண்ணி, எல்லாருக்கும் வர்றதுதான். நாலு நாளா நானும் பாக்குறேன், தெருமுனைக்குப் போறே, வீட்டுக்கு ஓடி வர்றே."

வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிட்டாள். மாங் இஸ்கோவும் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு கோப்பை கொடு சியோன், பையன் முகமே வத்திப்போச்சு" என்றார். அண்ணன் வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னான். அந்த அம்மாள் அடுப்பைத் தட்டித் தட்டிச் சிரித்தாளாம்.

"நீ எங்க போனா எனக்கென்னப்பா? கேக்குறது ஒரு பேச்சு. தியான் லாங்னு சொல்லிட்டுப் போ. இதோ அங்கதான்னு அர்த்தம். ஊர்ல எல்லாரும் அதைத்தான் சொல்லுவோம்."

"சரிங்க."

சிரிப்பு அடங்கினபிறகு தட்டில் ஆவிப் பண்டத்தை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப உங்க ஊர்ல போனவன் திரும்பி வரலேன்னா எங்க போய்த் தேடுவீங்க?"

அண்ணன் கஷாயத்தை ஒரு வாய் குடித்தான்.

அவளே பேசினாள். "என் வீட்டுக்காரர் ஏரியில மீன் பிடிக்கிறவர். தினம் கேப்பேன். தினம் தியான் லாங்தான். புயல் அடிச்ச அன்னிக்கு மட்டும் ரெண்டாந்தடவை கேட்டேன், எந்தப் பக்கம்னு. தெக்குக் கரைன்னாரு. பொழுது சாயறதுக்குள்ள தூக்கிட்டு வந்துட்டாங்க. உயிரு இல்ல. ஆனா முகம் முகமா இருந்துது."

அண்ணன் கஷாயத்தை அடிமண்டி வரைக்கும் குடித்துவிட்டு வயலுக்குப் போனான். அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் தியான் லாங் சொன்னான். திரும்பவில்லை.

அந்த வாரத்துக் கடிதம் நாலே வரி. நான்தான் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 'செல்லதுரை வெளியே கிளம்பும்போது எங்கே போகிறான் என்று கேட்கவும். பதில் சொல்லாமல் விடவேண்டாம். இங்கு நலம். மழை உண்டு.'

செல்லதுரை எனக்கு நேர் மூத்தவன், அப்போது இருபத்திரண்டு வயது. பெரியண்ணன் போனபிறகு சங்கத்துக் கொடியை இவன் பிடித்திருந்தான். விடியுமுன் கிளம்பிப் போவான். அம்மா வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அந்த ஊருத் தண்ணி அவன் புத்தியக் கெடுத்துருச்சு" என்றாள் அம்மா. "ஒண்ணைக் கொடுத்தாச்சு. இருக்கறதையும் வாய் வச்சுக் கெடுக்கச் சொல்றானா?"

நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் கேட்டு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம்தான். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

மார்கழியில் அண்ணன் திரும்பி வந்தான். உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. முகம் ஊரை விட்டுப் போனபோது இருந்தபடியே இருந்தது. கேள்வி கேட்டால் புருவத்தைத் தூக்குவான். "வாயைத் தொறந்து சொல்லேண்டா" என்று அம்மா கத்துவாள். சாப்பிட உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிடுவான். எதிர்வீட்டு மருதையன் நிஜமாகவே வந்து உட்கார்ந்து, மீன் குழம்பை வழித்துத் தின்றுவிட்டு, "பிலிப்பைன்ஸு நல்ல ஊருடா குழந்த, நாளைக்கும் கூப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தை பிறந்தது. அதே கூலிச் சண்டை, அதே வெளியூர் ஆட்கள். ஒரு விடியற்காலை செல்லதுரை துண்டை உதறினான். அம்மா அடுப்படியில் இருந்தாள். வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பான்.

"எங்கடா போறே?" என்றான் அண்ணன்.

அம்மா கையிலிருந்த அகப்பையைப் போட்டுவிட்டாள். "நீ நல்லாருப்பியா? கெளம்புறப்பவா கேப்பே?"

செல்லதுரை பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தான். தண்ணீர் குடித்தான். சற்று உட்கார்ந்தான். எழுந்தான். வாசலைத் தாண்டினான்.

"எங்க?" என்றான் அண்ணன், அதே குரலில்.

"அண்ணே, வேணாம்."

மறுபடி வந்தான். சொம்பில் மொண்டு குடித்தான், பாதி தண்ணீர் மேலே கொட்டியது. மூன்றாம் தடவை கிளம்பினான். அண்ணன் நகரவில்லை, கோபப்படவில்லை. "எங்கடா?" அவ்வளவுதான்.

"நீ என்ன போலீஸா? காட்டிக் கொடுக்கப் போறியா?"

"நான் தேட வர்ற எடத்தைச் சொல்லிட்டுப் போ."

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். செல்லதுரை நின்றான். அவன் கோபம் எங்கே போயிற்றோ, குரல் இறங்கிவிட்டது.

"கீழ வாய்க்கால் தலைப்பு. வெளியாளுங்க அங்கதான் எறங்குறாங்களாம்."

"சரி. போ."

அன்று பொழுது சாயும்வரை அவன் வரவில்லை. அண்ணன் சட்டையைப் போட்டான். அவனோடு நான், அம்மா, மருதையன், நான்கு பேரும் நேராகக் கிழக்கே நடந்தோம். மதகு வந்ததும் அம்மா கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் அவளைத் தூக்கி நிறுத்தினான், மதகடியைக் குனிந்து பார்த்தான், தண்ணீர்தான் ஓடியது. மேலே நடந்தான். தலைப்பில் தர்மாம்பாள் உடைந்த கலயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், சங்கத்துப் பெண். "ஒங்க தம்பிய ஏத்திட்டுப் போயிட்டாங்கண்ணே, பத்துப் பேரோட. டவுன் ஸ்டேஷனுக்கு. தலையில அடி, ஆனா நடந்துதான் வேன்ல ஏறுச்சு."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஸ்டேஷன் வாசலில் நின்றோம். கம்பிக்குப் பின்னால் செல்லதுரை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்து, "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றான். அம்மா கம்பிக்குள் கையை விட்டு அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அண்ணன் ஏட்டிடம் போய், தலைக்காயத்துக்கு டாக்டரிடம் காட்டவேண்டும் என்று எழுதிக் கொடுத்தான். கையெழுத்து நேராக இருந்தது.

பதினெட்டு நாள் கழித்து ஜாமீனில் விட்டார்கள். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி முளைக்காமல் வீட்டுக்கு வந்தான். மறுநாள் காலை அண்ணன் வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். செல்லதுரை துண்டை உதறினான். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் வாயைத் திறக்குமுன்னே அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. முகத்தைத் திருப்பாமல், உப்பு இருக்கா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எங்க?"

செல்லதுரை திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். "மேலத் தெருவுக்கு."

"யாரு வூட்டுக்கு?"

"வூட்டுக்கு இல்ல. இப்ராஹிம் பாய் கடைக்கு."

"எதுக்கு?"

"பீடி வாங்கறதுக்கு! போதுமா? எத்தனை பீடின்னும் சொல்லணுமா?"

"சொல்லிட்டுப் போயேன்" என்றாள் அம்மா.

அவன் திரும்பி உள்ளே வரவில்லை. அப்படியே போய்விட்டான். தெருமுனை திரும்பும் வரைக்கும் அவன் திட்டிக்கொண்டே போவது கேட்டது.

அண்ணன் எழுந்து உள்ளே போனான். பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு, நின்றபடியே முழுவதையும் குடித்தான். பிறகு சுவரோரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். கிளம்பியது அவன் இல்லை.