பொத்தோசியில் கேட்ட கேள்வி

...அழித்திருக்கலாம், அந்த ஒரு வீடியோவை மட்டுமாவது அழித்துவிட்டு அனுப்பியிருக்கலாம், கூட வந்த ஷில்பா பயண ஆல்பத்தைப் பகிர்ந்த அன்றே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்க வேண்டும், பார்க்காமல், பயணக் களைப்பில், பாதித் தூக்கத்தில், போட்டோ போட்டோ என்று அம்மா உயிரை எடுக்கிறாளே என்று மொத்தத்தையும் அப்படியே அம்மாவின் போனுக்குத் தள்ளிவிட்டது யார், தானேதானே... ஆராதனை முடிந்து சர்ச் படியில் இறங்கும்போது அம்மா சொன்ன பிறகுதான் டீனாவுக்கு உறைத்தது. "உங்கப்பா எல்லாத்தியும் ராபர்ட்சன்பேட்ட கடையில பென் டிரைவ்ல ஏத்திகினு வந்துட்டாரு, டிவில பெருசா பாக்கணுமாம், நீ வந்தாத்தான் போடுவேன்னு பொத்திப் பொத்தி வெச்சிகினு கீறாரு, சுந்தரராஜ் அண்ணனையும் சாப்பிட வரச் சொல்லியாச்சி." எல்லாத்தையுமா? எல்லாத்தையும்தான். அம்மாவின் கையிலிருந்த பைபிளை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டாள், ஏன் வாங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார், போகிறார் என்று சொல்ல முடியாது, நாலு எட்டு வைப்பார், நிற்பார், எதையோ பார்ப்பதுபோல் சுவரையோ மரத்தையோ பார்ப்பார், மூச்சு திரும்பியதும் மறுபடி நாலு எட்டு. சுரங்கத் தூசி நெஞ்சிலேயே தங்கிவிட்டது, மைன்ஸ் மூடி இத்தனை வருஷமாகியும் அது மட்டும் மூடவில்லை. மற்ற நாட்களில் இந்த நடை அவளுக்குப் பொறுக்காது, ஆட்டோ பிடிக்கலாம்பா என்பாள், இன்று அவர் நிற்க நிற்க நல்லதாக இருந்தது, இன்னும் கொஞ்சம் நில்லுங்கள், இன்னும் கொஞ்ச நேரம் வீடு வராமல் இருக்கட்டும்... சே, என்ன நினைப்பு இது, அவர் மூச்சு வாங்குவது எனக்கு வசதியாக இருக்கிறதா? ரோட்டோரம் பெங்களூர் நம்பர் கார் ஒன்று நின்றிருந்தது, வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் மலையாகக் குவிந்த சைனைடு மேட்டுக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள், அப்புறம் போனைத் திருப்பி அப்பாவையும் எடுத்தார்கள், தொப்பி போட்ட ஒல்லிக் கிழவர், பழைய சுரங்க மைனர், நல்ல படம். இவளுக்குக் கோபம் வந்தது, வாயைத் திறக்கப்போனாள், அதற்குள் மஞ்சள் ஹெல்மெட்டும் ரப்பர் பூட்ஸுமாகத் தான் சிரித்துக்கொண்டு நின்ற படம் கண்முன் வர, வாயை மூடிக்கொண்டாள். அப்பா அவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

பொலிவியாவா, அது எங்க கீது, என்று மைன்ஸ்காரர்கள் குடியிருக்கும் அவர்கள் லைனில் கேட்காத ஆள் இல்லை. அவளே போகும்வரை சரியாகத் தெரியாமல்தான் இருந்தாள், யாரும் போகாத ஊருக்குப் போகணும் என்று ஷில்பாதான் ஆபீஸ் கேன்டீனில் உலகப் படத்தைத் திறந்து விரலை வைத்தாள், பிரேசிலும் பெருவும் சிலியும் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்க நடுவில் கடல் இல்லாமல் மாட்டிக்கொண்ட நாடு. அங்கே போய் இறங்கியதும் மூச்சு முட்டியது, உயரம், தலைவலி, கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள், வெற்றிலைபோலத்தான், ஆனால் கசப்பு. ரெட்டைச் சடையும் உருண்டைத் தொப்பியுமாகப் பெண்கள் தலைக்கு மேலே கம்பியில் தொங்கும் பெட்டியில் ஏறிக் காய்கறி வாங்கப் போனார்கள். எப்போதோ சண்டையில் பறிபோன கடலுக்காக இன்றைக்கும் வருஷத்தில் ஒருநாள் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போகிறார்களாம், கப்பற்படைகூட வைத்திருக்கிறார்களாம், அதைக் கேட்டு ஷில்பா விழுந்து விழுந்து சிரித்தாள், டீனாவும் சிரித்தாள், சிரிக்கும்போதே ஒவ்வொரு தேர்தலுக்கும் மைன்ஸைத் திறக்கப்போறாங்களாம் என்று சுந்தரராஜ் மாமா அப்பாவிடம் வந்து சொல்வது ஞாபகம் வந்தது, அதை ஷில்பாவிடம் சொல்லவில்லை. எதைத்தான் சொன்னாள்?

பொத்தோசிக்குப் போகலாம் என்றதும் ஷில்பாதான். ஊருக்கு மேலே செங்குத்தாக ஒரு சிவப்பு மலை, நானூறு வருஷத்துக்கு மேல் வெள்ளி தோண்டிய மலை, இன்னும் தோண்டுகிறார்கள், சுற்றுலாக்காரர்களைக் கொஞ்ச தூரம் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். அங்கிருந்து ஒரு படத்தை மட்டும் அன்றே அப்பாவுக்கு அனுப்பினாள், அதுதான் தப்பு, அப்பா அதைக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் காட்டினார், எங்க காலத்துல பொம்பளைங்கள உள்ளயே வுட மாட்டாங்க, எம் பொண்ணு உள்ள போயிட்டு வந்துட்டா, எம் பொண்ணு. போனில் கேள்வி மேல் கேள்வி, ஆள எறக்குற கேஜ் இருந்திச்சா, எந்த லெவல் வரைக்கும் இறக்குனாங்க, சூடு எப்டி, தண்ணி சொட்டுச்சா... வாழ்நாளெல்லாம் வீட்டில் யாரிடமும் பேச முடியாததைப் பேச ஓர் ஆள் கிடைத்துவிட்ட குரல். கேஜ் இல்லப்பா, மலைக்குள்ள குடைஞ்சு வெச்ச வழி, குனிஞ்சுகினே போகணும் என்றாள், அது உண்மை. உள்ளே போகப் போக அந்த வாசனை, ஈரக் கல்லும் புகையும் வேர்வையும் கலந்தது, அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்போது சட்டையில் இருந்த அதே வாசனை, சின்ன வயதில் அந்தச் சட்டையைத் தொட மாட்டாள், உலகத்தின் அந்தப் பக்கத்தில் அது மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது, அதுவும் உண்மை. ஒரு திருப்பத்தில் ஒருவர் கல்மேல் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருந்தார், இருமினார், இருமி முடித்துக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, படம் எடுக்கலாமா என்று கேட்ட ஷில்பாவுக்குத் தலையாட்டினார், வழிகாட்டியிடம் ஏதோ பேசினார். அவர் உங்களை ஒன்று கேட்கிறார் என்று வழிகாட்டி ஆங்கிலத்தில் சொன்னான், உங்கள் ஊர்ப் பக்கம் சுரங்கம் உண்டா, அதில் வேலை செய்த ஆண்கள் கிழவர்களாகும்வரை இருக்கிறார்களா? கிழவர் என்று இவள் நினைத்த அந்த மனிதருக்கு நாற்பதுதான் தாண்டியிருந்தது, அதை வெளியே வந்த பிறகுதான் வழிகாட்டி சொன்னான்.

ஒரு வார்த்தை போதும். இருக்கிறார், எங்கப்பா இருக்கிறார், தலை நரைத்துப் பல் விழுந்து பேப்பர் படித்துக்கொண்டு அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறார். அந்த ஆளுக்கு வேண்டியது அதுதான், ஹெல்மெட் விளக்கை இவள் முகத்தில் அடிக்காமல் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு இவளைத்தான் பார்த்தார். அப்போது ஷில்பா, வீடியோ எடுத்துக்கொண்டே, ஏய் டீனா, கேஜிஎஃப் உங்க ஊர்ப் பக்கம்தானே, உங்க வீட்ல யாராவது மைன்ஸ்ல இருந்தாங்களா என்று ஆங்கிலத்தில் கேட்டாள், சும்மாதான் கேட்டாள், அவள் கேள்வியில் விஷமே இல்லை. இல்லை இல்லை, நாங்க கோலார் டவுன், அப்பா பேங்க்ல இருந்தார்... வாய் தானாகச் சொன்னது, அத்தனை வருஷப் பழக்கம். காலேஜில் முதல் நாள் வீடு எங்கே என்று கேட்டபோது தங்கள் லைன் இருக்கும் இடத்தின் பேரைச் சொல்லி ஸ்கெலட்டன் என்றாள், வகுப்பே சிரித்தது, எலும்புக்கூடா, எலும்புக்கூட்டில் வீடா என்று, சிரிப்புகூடப் பரவாயில்லை, அப்புறம் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், அங்கே எந்த லைன், தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன ஆளுங்க... அன்றோடு கோலார் டவுன் ஆனது. பேங்க் முழுப் பொய்யும் இல்லை, மைன்ஸ் மூடின பிறகு பெங்களூரில் ஒரு பேங்க் ஏடிஎம் வாசலில் நீலச் சட்டையும் விசிலுமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா, பங்காருபேட்டையிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவார், பேங்க்தான். ஆனால் அங்கே, அந்த இருட்டில், யார் என்ன ஆளுங்க என்று கேட்டார்கள்? கேட்டவன் சாகப்போகிறவன். அவனுக்குக்கூடவா பொய்?

வீட்டுக்கு வந்தபோது சுந்தரராஜ் மாமா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார், அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் டிரில் மெஷின் பிடித்தவர், அந்தச் சத்தத்தில் இரண்டு காதும் போய்விட்டது, உரக்கச் சொன்னால்தான் கேட்கும். "வா பாப்பா, மைனர் பாப்பா வந்துட்ச்சி" என்று சிரித்தார். அம்மா பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றாள். நான் போடறேம்பா, ரிமோட்டக் குடுங்க, என்று கேட்டாள் டீனா, தன் குரல் எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று அவளுக்கே ஆச்சரியம். "நீ உக்காரு, பாத்துகினே எடுத்துச் சொல்லு" என்றார் அப்பா, கொடுக்கவில்லை. தொப்பிப் பெண்கள் வந்தார்கள், கம்பியில் தொங்கும் பெட்டி வந்தது, ஓடாத ரயில் இன்ஜின்கள் மண்ணில் துருப்பிடித்து நிற்கும் படம் வந்தது, நம்ம ஒர்க்‌ஷாப்பு மாதிரியே கீதுபா என்றார் மாமா. அவள் எடுத்துச் சொன்னாள், சொல்லிக்கொண்டே எழுந்து ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிடலாமா, வயிற்றுவலி என்று சொல்லலாமா, இப்போதே, வருவதற்கு முன்னாலேயே, அப்பா ஒரு விஷயம் என்று ஆரம்பித்துவிடலாமா, மாமா எதிரிலா, எப்படி... அதற்குள் சிவப்பு மலை வந்துவிட்டது, ஹெல்மெட் வந்துவிட்டது, இருட்டும் ஆடும் வெளிச்சமுமாக அந்த வீடியோ ஓடத் தொடங்கிவிட்டது. அந்த மனிதர் இருமினார். கதவோரம் அம்மா தன்னையறியாமல் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். வழிகாட்டியின் ஆங்கிலம் தெளிவாகக் கேட்டது, உங்கள் ஊர்ப் பக்கம் சுரங்கம் உண்டா... கிழவர்களாகும்வரை... அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும், துரைமார் காலத்து ஃபோர்மேன்களிடம் அவர் அப்பா கற்றது, அவருக்கு வந்தது. டீனா தரையைப் பார்த்தாள், ரெட் ஆக்சைடு தரை, அதில் ஓர் எறும்பு போனது, அது எங்கே போகிறது என்று முழு மனதோடு பார்த்தாள்.

சத்தம் நின்றது. வீடியோ நிற்கவில்லை, சத்தம் மட்டும். நிமிர்ந்து பார்த்தால் திரையில் ஷில்பாவின் விரல் நுனி ஒரு மூலையை மறைக்க, இவள் முகம் வந்து, இவள் உதடுகள் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை, அப்பாவின் கட்டை விரல் ரிமோட்டின் மேல் இருந்தது.

"இன்னா நேசமணி, சத்தத்தக் காணோம்?" என்றார் மாமா, சத்தம் போனதுகூட அவருக்குத் திரையில் வந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் தெரிந்திருக்கும்.

"பக்கத்து வூட்ல ஜெயம்மாவுக்கு ஒடம்பு செரியில்ல, படுத்துனு கீது. படத்த மட்டும் பாரு."

"அந்தாளு இன்னா கேக்குறான்?"

"உங்க ஊருல மைன்ஸ் கீதா, அதுல வேல செஞ்சவங்கோ கெழவனாவறாங்களான்னு கேக்குறான்."

மாமா சிரித்தார். "அதுக்கு பாப்பா இன்னா சொல்லிச்சி?"

டீனா வாயைத் திறந்தாள். அப்பா அவள் பக்கம் திரும்பவே இல்லை, மாமாவின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து உரக்கச் சொன்னார்: "எங்கப்பா மைன்ஸ்ல இருந்தவரு, கெழவனாயி இன்னும் கீறாருன்னு சொல்லிச்சி."

"அப்டிச் சொல்லு!" மாமா தொடையில் தட்டினார். "அதான் அந்தாளு தலயாட்டுறான் பாரு, பாரேன், எவ்ளோ சந்தோசம் அவனுக்கு." திரையில் அந்த மனிதர் தலையாட்டினார், ஆமாம், ஆட்டினார், இவள் பதிலை வழிகாட்டி சொன்னதும் ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டார், அதை அவள் இதுவரை பார்க்கவில்லை, அப்போது வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அம்மா, எம் பொண்ணாச்சே, என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள்.

ஷில்பா கேட்பதற்கு முன்னாலேயே சத்தம் போய்விட்டதே... பதிலுக்கு முன்னால் இல்லை, கேள்விக்கும் முன்னால். அப்படியானால் பொத்தி வைக்கவில்லை, தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்கிறார், எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும்வரை பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டுமா மாமாவைச் சாப்பிடக் கூப்பிட்டார்? அந்தப் படத்தை நீக்கிவிட்டு மற்றதைப் போட அவருக்குத் தெரியாதா, தெரியாமல் இருக்கலாம், தெரிந்தும் வைத்திருக்கலாம், மாமாவுக்காகவா, எனக்காகவா, தனக்கே ஒருமுறை அப்படிக் கேட்க வேண்டியிருந்ததா... போன வருஷம் ஒய்ட்ஃபீல்டில் அவள் ஃப்ளாட்டுக்கு அப்பா வந்திருந்தபோது லிஃப்டில் மேல்மாடிக்காரர் பேச்சுக் கொடுத்தார், சாருக்கு எந்த ஊர், என்ன செஞ்சீங்க என்று. "கோலார் டவுனுங்க. பேங்க்ல இருந்தேன்" என்றார் அப்பா, தடுமாறாமல், வேலூர்ப் பேச்சையெல்லாம் உதறிவிட்டு. காய்கறிப் பையோடு பக்கத்தில் நின்ற இவளுக்கு அப்பாடா என்றிருந்தது, இன்றுவரை அப்பாடா என்றுதான் இருந்தது, பேங்க் என்று சொல்ல வேண்டும் என்பதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. அவள் சொல்லவில்லை. அம்மாவுக்கே தெரியாது. அவள் அப்படிச் சொன்னது எப்போது அவர் காதில் விழுந்திருக்கும், எந்த வருஷம், எந்தக் கதவுக்கு வெளியே நின்று, கையில் என்ன வைத்துக்கொண்டு...

வீடியோ முடிந்து திரை கறுத்தது. அப்பா சத்தத்தை மறுபடி வைத்துவிட்டு, இப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார், கோபமில்லை, வருத்தம்கூட வெளியில் இல்லை, பஸ்ஸில் பக்கத்து சீட்காரரைக் கேட்பதுபோல் தணிந்த குரலில் கேட்டார்.

"அடுத்தது போடட்டுமா, பாப்பா?"

அவள் தலையாட்டினாள். அடுத்தது என்ன என்று அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கும்.