டர்போ ஆறும்வரை

அக்கா கிராசியேலா பாலைவன மணல்மேடுகளில் மணல்வண்டியை ஏற்றி ஓட்டும்போது அத்தான் எஃப்ரேன் வலதுபக்க சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பயத்தால் இல்லை, எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருப்பார். எங்கள் பிராலி ஊரில் பாதிப் பேருடைய வண்டிக்கு எஞ்சின் கட்டிக் கொடுத்தவர், மணலில் மட்டும் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார். கட்டுவது அவர், ஓட்டுவது அக்கா. முப்பது வருஷக் குடித்தனம் அப்படித்தான் போனது.

சண்டை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வரும். மேடு ஏறி இறங்கி டிரெய்லருக்குத் திரும்பியதும் அக்கா எஞ்சினை அணைக்கக் கை நீட்டுவாள். அத்தான் சட்டென்று உள்ளங்கையால் சுவிட்சை மூடிக்கொள்வார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ அந்த நேரம் கனன்றுகொண்டிருக்கும். கொஞ்ச நேரம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு ஆறவைக்காமல் அணைத்தால், உள்ளே நிற்கிற ஆயில் கருகிப் பேரிங்கைத் தின்றுவிடும்.

"பொறு கிராசி. ஆறட்டும்."

"உன் டர்போ ஆறுறதுக்குள்ள என் பியர் சூடாயிடும், மனுஷா."

போன ஈஸ்டர் விடுமுறையில், ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ஒரு கிளாம்ப் நழுவி, எஞ்சின் மத்தியானம் முழுக்க மணலைக் குடித்தது. டர்போ இறக்கைகள் தேய்ந்துபோயின, சிலிண்டர்களெல்லாம் கீறல். அடுத்த சீசனுக்குள் பார்க்கலாம் என்று தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்கள். கோடையில் அக்காவுக்கு வயிற்றுவலி வந்தது. கணையத்தில் புற்றுநோய், ஈரல்வரை போய்விட்டது என்றார்கள். டாக்டரம்மா இலையுதிர் காலத்தைப் பற்றித்தான் பேசினார். கிறிஸ்துமஸ் பேச்சை எடுக்கவேயில்லை.

அக்கா அழ வேண்டியதைக் காரிலேயே அழுது முடித்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் அத்தானிடம் சொன்னாள்: "நவம்பர்ல தேங்க்ஸ்கிவிங்குக்கு க்ளாமிஸ் மணலுக்குப் போறோம். பெரிய மேட்டை இன்னொரு தடவை ஏறணும். நான்தான் ஓட்டுவேன். அதுக்கப்புறம் அந்த எஞ்சினைக் கால்வாயில தள்ளிடு."

மறுநாளே அத்தான் எஞ்சினைப் பிரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் வெந்நீரிலும் சோப்பிலும் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற கை அது. அக்காவும் கராஜ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கிண்டலடித்துக்கொண்டிருந்தாள். செப்டம்பர் நன்றாகத்தான் போனது.

அக்டோபரில், மூட வேண்டிய எஞ்சினை அத்தான் மறுபடி திறந்தார். கிராங்க் பேரிங்கில் இடைவெளி மயிரிழை குறைகிறது என்று கிராங்கைத் தூக்கி யூமாவுக்கு, ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினார். அது திரும்பி வந்தபோது அக்கா நாற்காலிவரை நடக்க முடியாமல் படுத்துவிட்டாள். அப்புறம் பிஸ்டன் ரிங் பிடிக்கவில்லை என்று வேறு வரவழைத்தார். நான் குதிரைமசால் தீவனக் கட்டு ஏற்றும் லாரி ஓட்டுகிறவள். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரவேண்டும், எனக்குத் தெரிந்த தர்மம் அவ்வளவுதான். ஒருநாள் லோடு இறக்கிவிட்டு நேராகக் கராஜுக்குப் போனேன்.

"அத்தான், இது எத்தனை நாள் ஓடணும்?"

"ஒழுங்காக் கட்டினா பத்து வருஷம் ஓடும்."

"அவளுக்கு ஒரு மத்தியானம் ஓடினாப் போதும். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. மூடுங்க அதை."

"மேட்டுல பாதியில நின்னா வண்டி பின்னால உருளும், ஒஃபேலியா. அவ இருக்கிற உடம்புக்கு..."

"அப்ப மெதுவா ஏறட்டும்."

"யாரு, உங்க அக்காவா? மெதுவாவா?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மனுஷர் சொல்கிற ஒவ்வொரு காரணமும் நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்குள் அக்கா கோழி சூப்பை ஆறவிட்டுப் படுத்திருந்தாள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஆகியிருந்தாள். கராஜ் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டேயிருந்தது. யூமாக்காரனையும் பேரிங்கையும் சேர்த்து நான் திட்டியபோது அவள் கையை ஆட்டி நிறுத்தினாள்.

"அந்த பேரிங்ல ஒண்ணும் இல்லடி. அவர் அளந்தப்ப நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். சரியாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு இந்தக் கூத்து?"

"எஞ்சின் முடிஞ்சா மேடு ஏறணும். மேடு ஏறிட்டா நான் கேட்டது எதுவும் பாக்கி இருக்காது. அது பிரிஞ்சு கிடக்கிற வரைக்கும் நான் போகமாட்டேன்னு நினைக்கிறார் உங்க அத்தான். அவர் அப்படி நினைக்கிறது அவருக்கே தெரியாது."

"நான் இப்பவே போய்க் கேட்கிறேன்."

"வாயைத் திறந்தே, செத்தப்புறமும் வந்து உதைப்பேன்."

"உனக்கு அந்த மேடு வேண்டாமா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "வேணும். ரொம்ப வேணும்டி. ஆனா அவர் அங்க ஸ்பானரோட சந்தோஷமா இருக்கார். இங்க வந்து என் மூஞ்சியைப் பார்த்தா அழுவார். இருக்கட்டும் விடு."

அத்தான்மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. அக்காமேலும்தான்.

நவம்பர் நடுவில், அத்தான் டர்போவைப் பொருத்திக்கொண்டிருந்தபோது அக்கா போய்விட்டாள். நான்தான் கராஜுக்குப் போய்ச் சொன்னேன். ஸ்பானர் அவர் கையிலேயே இருந்தது. கை ஆயிலைக் கழுவாமல் அவளைத் தொடக்கூடாது என்று குழாயடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், நகக்கண்ணெல்லாம் சிவக்கும்வரை.

அடக்கம் முடிந்து அவர் எஞ்சினை முடித்தார். புது எஞ்சினை முதலில் பழக்கவேண்டும், எடுத்ததும் விரட்டக்கூடாது. கால்வாய்க்கரை மண்பாதையில் தனியாக, சைக்கிள் போகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு போவதை நான் லாரியிலிருந்து பார்த்தேன். தேங்க்ஸ்கிவிங் காலையில் டிரெய்லரோடு என் வீட்டு வாசலில் நின்றார்.

"வா. நீ ஓட்டு."

"நானா?"

"அவ கேட்டாளே. வண்டியை யாராவது மேட்டுல ஏத்தணும்."

க்ளாமிஸில் வழக்கமான கூட்டம். வட்டமாக நிறுத்தியிருந்த எங்கள் கூட்டாளிகளின் டிரெய்லர்களில் பண்டிகை வான்கோழி எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. மேட்டுக்கு அந்தப்பக்கம் வருகிறவர்களுக்கு வண்டி தெரிவதற்காக அக்கா பறக்கவிடும் மஞ்சள் கொடியைக் கம்பியில் கட்டினேன். அத்தான் வலதுபக்க சீட்டில் ஏறி வாரை இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார்.

மேட்டின் அடியில் மிதித்தேன். டர்போ விசிலடித்தது, முதுகு சீட்டில் ஒட்டியது. பாதியில் மணல் இளகலாக இருந்தது, அங்கேதான் மற்ற வண்டிகள் மூச்சுவாங்கும். இது வாங்கவில்லை. உச்சியில் நிறுத்தியபோது அத்தான் கண்ணைத் திறந்தார். முகமெல்லாம் பெருமை.

"கேட்டியா? பத்து வருஷம் ஓடும் இது."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. தோள் குலுங்கியது. வார் இறுக்கிப் பிடித்திருந்ததில் குனிந்து அழக்கூட அவரால் முடியவில்லை.

கீழே இறங்கி டிரெய்லர் பக்கம் நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் என் கை சுவிட்சுக்குப் போனது. அவர் உள்ளங்கை எனக்கு முன்னால் அங்கே இருந்தது.

"ஆறட்டும்."

எஞ்சின் பூனை மாதிரி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. யாரோ இரண்டு தட்டில் கறி கொண்டுவந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஆறவேண்டிய நேரமெல்லாம் எப்போதோ ஆகிவிட்டது. கடைசியில் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த பேரிங் சரியாத்தான் இருந்துச்சு, ஒஃபேலியா."

நான் என் வாரைத் தளர்த்தினேன்.

"அவளுக்குத் தெரியுமா அது?"

அக்கா சொன்னதெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அவர் வெறுங்கை மடியில் கிடப்பதைப் பார்த்தேன். அவர் செய்கிற மாதிரியே என் உள்ளங்கையால் சுவிட்சை மூடிக்கொண்டேன்.

"பொறுங்க அத்தான்," என்றேன். "இன்னும் ஆறல."