குட்டிக்கு ஒத்துக்கொள்ளாதவை

தணிகைவேல் காலையில் எழுந்து பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். கல்லை அடுப்பில் வைத்து இரண்டு தோசை ஊற்றினான். மாவு கல்லில் விழுந்தபோது சத்தம் வரவில்லை. அந்தச் சத்தத்தை நாய்க்குட்டி நேற்றே முழுங்கிவிட்டது. இரண்டையும் தின்றான். மிச்ச மாவை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தான்.

பிறகு பழைய செய்தித்தாளோடு கூடத்துக்குப் போனான். குட்டி வாந்தி எடுத்திருந்தது. ஆட்டோ ஹாரன் இரண்டு, குக்கர் விசில் பாதி. விசில் இன்னும் சூடாக இருந்தது. துடைத்துச் சுருட்டிக் குப்பையில் போட்டான். குப்பைக்கூடை கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துவிட்டு ஓய்ந்தது.

குட்டியின் பெயர் பொரி. பாலத்துக்கு அடியில் கிடந்ததை நாய்க் காப்பகத்து எஸ்தர் அக்கா எடுத்து வந்திருந்தாள். கொடுக்கும்போதே சொல்லித்தான் கொடுத்தாள்.

"எதப் போட்டாலும் திங்கும் தம்பி. சத்தம் மட்டும் ஒத்துக்காது. ஆனா நாக்கு அதைத்தான் கேக்கும்."

"எங்க வீட்ல சத்தமே கிடையாதுக்கா."

"தெரியும். அதான் ஒனக்குத் தர்றேன்."

அவன் மனைவி தேன்மொழி இறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச வேண்டிய ஒரே ஆள் அவன்தான். அவன் பேசுவதில்லை.

செய்தித்தாளைச் சுருட்டிய கையைக் கழுவுவதற்குள் எதிர்வீட்டு அனந்தகிருஷ்ணன் வாசலில் நின்றார்.

"தம்பி, என் இருமல காணோம்."

"எப்பலேர்ந்து சார்?"

"நேத்து சாயங்காலம் உங்க வீட்டு வாசல்ல நின்னு இருமினேன். அதோட சரி. டாக்டர் பாத்து பாத்து வச்ச இருமல்யா. அது இல்லாம வீட்ல எவனும் என்னைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறான்."

"வெளிய வந்ததும் தர்றேன் சார்."

"உடையாம குடு."

பொரியின் வயிறு பானைபோல உப்பியிருந்தது. தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. பின்கால்கள் நடுங்கின. அவன் அதைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டான்.

கால்நடை மருத்துவர் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தார். மாடிக்குப் பந்தி நடக்கும் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அவன் நடக்க நடக்கப் பந்தி நீண்டது. இலைகளுக்கு முன்னால் நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றும் அவசரப்படவில்லை. சாம்பார் வாளியோடு ஒருவர் மறித்தார்.

"பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"நாய் வீடு."

"அப்ப மாடிக்குப் போங்க. பாயசத்துக்கு வந்துருங்க."

மருத்துவர் பர்வீன், பொரியின் வயிற்றில் குழலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் கேட்டார். ஓரிடத்தில் சிரித்தார்.

"பக்கத்து வீட்ல சீரியல் பாப்பாங்களா?"

"ஆமா மேடம்."

"அதெல்லாம் தானா போயிடும். ஒரு இருமல் இருக்கு, நல்ல இருமல். இதுக்கெல்லாம் வயிறு இப்படி உப்பாது. அடியில பழசு ஒண்ணு மாட்டியிருக்கு. பொம்பளக் குரல்."

அவன் துண்டை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"என்ன சொல்லுதுன்னு பிடிபடல. மேல தண்ணி சத்தம் கிடக்கு. ஷவர் மாதிரி."

அவனுக்குத் தெரிந்தது. அன்று காலை அவன் குளித்துக்கொண்டிருந்தான். சமையலறையிலிருந்து தேன்மொழி ஏதோ சொன்னாள். "என்ன?" என்று கத்தினான். பதில் இல்லை. தலைக்குப் போட்ட ஷாம்பூவை அலசி முடித்துவிட்டுத்தான் வந்தான். அவள் தரையில் கிடந்தாள். கல்லில் ஏதோ கருகிப் புகைந்துகொண்டிருந்தது.

காரியத்தன்று அவளுடைய அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா எம்பொண்ணு என்ன சொன்னா மாப்ள?" என்று கேட்டாள். "உங்கள எல்லாம் பாத்துக்கச் சொன்னா அத்தை" என்றான். எல்லோரும் அழுதார்கள். அவன் மட்டும் அழவில்லை. அவள் அவனைக் கூப்பிட்டிருக்கலாம். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் வீட்டிலேயே எங்கோ கிடந்திருக்கிறது. ஃப்ரிட்ஜுக்கு அடியிலாக இருக்கும். பொரி வந்த அன்று அங்கேதான் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது.

"சொட்டு மருந்து தரலாம். கரைஞ்சிடும். நீங்க ஒண்ணும் கேக்க வேண்டியதில்ல" என்றார் மருத்துவர்.

"குட்டிக்கு?"

"சின்ன உடம்பு. தாங்கும்னு சொல்ல மாட்டேன்."

"இல்லன்னா?"

"தானா வரணும். வந்தா பக்கத்துல இருந்து முழுசா கேக்கணும். யாரும் கேக்கலன்னா திரும்ப முழுங்கிடும்."

பொரி மேசையிலிருந்து அவனைப் பார்த்தது. பிறகு அவன் சட்டைக் கையைக் கடித்துப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது. கையை இழுத்தால் விழித்துவிடும்.

"வரட்டும்" என்றான்.

"குழைஞ்ச சோறு, உப்பில்லாத தயிர். அப்புறம், பேச்சு குடுங்க. புதுசு உள்ள போனாத்தான் பழசு நகரும். பேச்சில்லாத வீட்ல குட்டிக்கு வயிறு கட்டிக்கும்."

அவன் சோற்றைக் குழைய வைத்தான். விரலால் மசித்து ஊட்டினான். பேச ஒன்றும் கிடைக்காமல், சோப்பு உறையில் இருந்ததை வாசித்தான். காலண்டரில் ராகுகாலம் வாசித்தான். அவன் பேசப்பேச வார்த்தைகள் வாயை விட்டு வெளியே வந்ததும் மறைந்தன. பொரி ஒவ்வொன்றாக மென்று முழுங்கியது. வாசிக்க ஒன்றும் மிஞ்சாதபோது தேன்மொழியைப் பற்றிச் சொன்னான். அவளுக்கு நாய் என்றால் பயம். தெருமுனையில் நாய் படுத்திருந்தால் அவன் முதுகுக்குப் பின்னால் வருவாள். பொரி அதை மெதுவாக மென்றது.

முதலில் சீரியல் போனது. பிறகு இருமல். அதைக் கிண்ணத்தில் மூடி எடுத்துப் போய்க் கொடுத்தான். அனந்தகிருஷ்ணன் ஒருமுறை இருமிப் பார்த்தார். உள்ளிருந்து, "என்னப்பா, வெந்நி வேணுமா?" என்று ஒரு குரல் வந்தது.

"இதான்யா" என்றார். கண் கலங்கியிருந்தது.

அவன் திரும்பி வந்தபோது பொரி கூடத்தின் நடுவில் முதுகை வளைத்து நின்றது. முதலில் தண்ணீர் சத்தம் வந்தது. தரை நனையாமல் கூடம் முழுக்கப் பரவியது. அவன் கணுக்கால்வரை அதில் நின்றான். "என்ன?" என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. குட்டியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டான்.

தண்ணீர் வடிந்தது. பொரியின் வயிறு தொய்ந்தது. அது உடம்பை ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு, நேராகச் சோற்றுத் தட்டுக்குப் போய் நக்கத் தொடங்கியது. நக்கும் சத்தம் நன்றாகக் கேட்டது.

பிறகு அந்தக் குரல் வந்தது. வலி இல்லாத குரல். கூப்பிடுகிற குரலும் இல்லை. கையில் கரண்டியோடு நிற்கிறவளின் குரல்.

"ஏங்க, ரெண்டு போதுமா, இன்னொண்ணு ஊத்தவா?"