வராத கார்டு

அத்தையை இடது பக்கம் திருப்பி முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் வீடியோவில் வந்தார். போனை மருந்து பாட்டில்மேல் சாய்த்து வைத்திருந்தேன். கடல் தாண்டி இருக்கும் என் கணவருக்கு அதில் தெரிந்திருக்கக்கூடியது அவருடைய அம்மாவின் முதுகும் என் முழங்கையும்தான். "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார். வாரம் தவறாமல் கேட்பார். நான் எப்படி இருக்கிறேன் என்பது அந்தக் கேள்விக்குள்ளேயே அடக்கம் போலிருக்கிறது.

"இருக்காங்க. என் கார்டு எங்க?"

"ஆரம்பிச்சுட்டியா!"

கல்யாணமாகி, அவர் ஸ்பான்சர் செய்து, பேப்பரெல்லாம் வந்து, நான் அந்த நாட்டில் போய் இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. இங்கே அத்தைக்குப் பக்கவாதம். "நீ முன்னாடி போ, நான் லீவு போட்டுட்டுப் பின்னாடியே வரேன்" என்று விமானம் ஏற்றிவிட்டார். வலது கையும் காலும் விழுந்துபோன மனுஷியைச் சீக்கிரமே தேற்றிவிட்டுத் திரும்பிவிடலாம் என்று நானும் நம்பினேன். குடியேறியவர்களுக்கு அந்த அரசாங்கம் தரும் கார்டு, நான் கிளம்பிய பிறகுதான் அவருடைய விலாசத்துக்கு வந்தது. அது இல்லாமல் எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள். யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன் என்றார். அவருடைய நண்பர்கள் வந்தார்கள். அவர் சித்தப்பா வந்து போனார். சாக்லேட் வந்தது, முழங்காலுக்குத் தடவும் களிம்பு வந்தது, அத்தைக்கு நைட்டிகள் வந்தன. கார்டு மட்டும் வரவில்லை.

"அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷமாவது அங்க இருக்கணும். மூணு வருஷம் ஓடிப்போச்சு. இந்த மாசம் தாண்டினா நான் வந்தும் பிரயோஜனம் இல்ல."

"நான் இங்க இருக்கேன்ல? புருஷன் இருந்தா பொண்டாட்டி இருந்த மாதிரிதான். உன்ன ஸ்பான்சர் பண்ணதே நான்தானே?"

"நீங்க சாப்பிட்டா எனக்கு வயிறு நிறையுமா?"

"படிச்ச திமிரு" என்று கட் செய்தார்.

பொய் சொல்கிறார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை, அவர் அதை நிஜமாகவே நம்புகிறார். அவர் தங்கையும் நம்புகிறாள். குடும்பத் தலைவர் ஒருவர் கையெழுத்துப் போட்டால் வீட்டிலுள்ள மற்ற தலைகளும் அதில் சேர்த்தி என்றே வளர்ந்தவர்கள். அந்த நாட்டில் என் தலையைத் தனியாக எண்ணுவார்கள் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். படிச்ச திமிராம். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். பெண் பார்த்துவிட்டுப் போனபோது "பொண்ணு டிகிரி" என்று சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னவர்களும் இவர்கள்தான். அந்த டிகிரி இப்போது பெட்பேன் கழுவுகிறது.

கார்டு இல்லாதவர்களுக்கு ஒருமுறை மட்டும் நுழைவதற்குத் தூதரகத்தில் ஒரு தாள் தருவார்கள். கணவன் கையெழுத்து வேண்டாம். அத்தை கண்ணயரும் நேரங்களில் போனில் படித்துப் படித்து நானே விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. என் அண்ணன் டிக்கெட் போட்டுக் கொடுத்தான். எங்கே தங்குவாய் என்று கேட்டான். இறங்கிய பிறகு யோசிக்கிறேன் என்றேன். அவர் கதவைத் திறப்பாரா என்பது எனக்கே தெரியாது.

நாத்தனாருக்கு வங்கியில் வேலை. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். ஞாயிற்றுக்கிழமை வருவாள், அம்மாவின் தலையைத் தடவுவாள், அதைப் போட்டோ எடுத்துத் தன் அண்ணனுக்கு அனுப்புவாள். இந்த ஞாயிறு அவளிடம் சொன்னேன்.

"வியாழக்கிழமை காலையில கிளம்புறேன். அம்மாவ நீங்கதான் பாத்துக்கணும்."

"என்ன அண்ணி, திடுதிப்புன்னு?"

"மூணு வருஷமா சொல்றது திடுதிப்பா?"

"எனக்கு வேலை இருக்கு அண்ணி. அம்மாவத் தூக்கி இறக்கியெல்லாம் எனக்குப் பழக்கமும் இல்ல."

"எனக்கு மட்டும் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

கைப்பையை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். "சரி, வியாழக்கிழமை பசங்கள ஸ்கூல்ல விட்டுட்டு நேரா வந்துடறேன். ஆள் கிடைக்கற வரைக்கும் லீவு போடறேன்" என்றாள். திருப்பிப் போடும் விதத்தைக் காட்டிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிடித்து, இழுக்காமல். அவள் போனில் செய்தி பார்த்துக்கொண்டே தலையாட்டினாள்.

புதன்கிழமை மாலை அத்தைக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன். வாய் ஒரு பக்கம் கோணிப்போனதிலிருந்து அவருக்குப் பேச்சு குழறும். எனக்குப் பழகிவிட்டது. அலமாரி மேலிருந்து இறக்கி வைத்திருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், "நான்தான் சொன்னேன்" என்றார்.

"என்ன சொன்னீங்க?"

"கார்டு. அனுப்பாதடான்னு. நான்தான்."

துணியைப் பிழிந்தேன். இத்தனை நாளும் அந்த மனுஷனை மட்டும் சபித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இவரோ என் கையால் ஊட்டிய கஞ்சியைக் குடித்துக்கொண்டே, நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்து மகனிடம் அதைச் சொல்லியிருக்கிறார்.

"ஏன்த்தை?"

"புண்ணு வந்துடும்."

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண்ணை நானும் பார்த்திருக்கிறேன். முதுகில் படுக்கைப்புண், உள்ளங்கை அகலத்துக்குக் குழி. திரைச்சீலையைத் தாண்டி நாற்றம் வரும். அந்தப் பெண்ணுக்கும் மகன்கள் இருந்தார்கள், பழத்தோடு வந்தார்கள். அத்தையின் உடம்பில் இதுவரை ஒரு சிவப்புத் தடிப்புகூட வந்ததில்லை. "வீட்ல நர்ஸ் வெச்சிருக்கீங்களா?" என்று டாக்டரே கேட்டார். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது. அந்த நல்ல முதுகுதான் என் காலில் போட்ட விலங்கு.

கிழவியின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. அக்குளைத் துடைத்து, ஈரம் ஒற்றி, பவுடர் போட்டேன். "நாளைக்கு உங்க பொண்ணு வருவாங்க" என்றேன். அத்தை மறுபடி பெட்டியைப் பார்த்தார். தன் பெண்ணைப் பற்றி என்னைவிட அவருக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை நாத்தனாரின் போன் அணைந்திருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் நேரம் கடந்து, அதற்கு மேலும் நேரம் போனது. டாக்சிக்காரர் கீழே வந்து நின்றுவிட்டார். "அம்மா, ஏர்போர்ட் ரோட்ல வேலை நடக்குது. இப்ப கிளம்பினாத்தான் உண்டு" என்று போனில் அவசரப்படுத்தினார். எதிர்வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று கதவைத் தட்டினேன். பூட்டியிருந்தது. நாத்தனார் வீட்டுக்காரருக்குப் போன் அடித்தேன். "வந்துட்டே இருக்கா அண்ணி, நீங்க கிளம்புங்க" என்றார். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அத்தையை வலது பக்கம் திருப்பினேன். தோளையும் இடுப்பையும் ஒன்றாகப் பிடித்து, இழுக்காமல். தலையணை முட்டுக்கொடுத்தேன். தண்ணீர் டம்ளரில் உறிஞ்சுகுழாய் போட்டு வாய்க்கு எட்டும் தூரத்தில் வைத்தேன். அவருடைய போனை நல்ல கைப்பக்கம் வைத்தேன். "போயிட்டு வரேன் அத்தை." அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார். தூங்குகிறாராம். இமைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் வாசல் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். நாத்தனார் தன் சாவியை எப்போதோ தொலைத்துவிட்டாள். கதவு சாத்திக்கொண்டால் வருகிறவர்களுக்கு உள்ளிருந்து திறந்துவிட ஆளில்லை. பெட்டியை வெளியே இழுத்து வைத்துவிட்டு, வீட்டுக்குள் போடும் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகினேன். கீழே ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது. காற்றில் கதவு செருப்பை நெருக்கித் தள்ளுவதும் விடுவதுமாக இருந்தது. அந்த இடைவெளியில் கட்டிலின் கால்மாடும், போர்வைக்கு வெளியே நீட்டிய ஒரு பாதமும் தெரிந்தன. இன்னொரு செருப்பைக் கையில் பிடித்தபடி படிக்கட்டின் மேல்படியில் நின்றேன்.