ஆறு பேர் மூச்சு

கண்ணாடிக்காரர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கூடத்துத் தொட்டியின் முன்னால் போய் நிற்பார். பல் துலக்குவதெல்லாம் அதற்கப்புறம்தான். கடையில் நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு வில்லை மாட்டிப் பார்க்கிறவர். வீட்டுக்கு வந்தால் அவர் கண் அந்த நானூறு லிட்டர் உப்புத் தண்ணீரை விட்டு நகராது. அதில் மீன் நாலே நாலுதான். மற்றதெல்லாம் பவளம்.

"ஊர்ல மத்தவங்க மீன் வளக்கறாங்க. எங்க வீட்டுக்காரர் தண்ணி வளக்கறார்" என்று மனைவி சொல்வாள்.

அது உண்மைதான். பவளம் கூடு கட்டுவதற்குத் தண்ணீரிலிருந்து கால்சியத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குறைந்ததை நாம்தான் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். அவர் தினமும் இரண்டு புட்டியிலிருந்து அளந்து ஊற்றுவார். ஒன்றில் கால்சியம், இன்னொன்றில் காரம். இரண்டையும் சேர்த்து ஊற்றிவிட்டால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுண்ணாம்பாகப் படிந்துவிடும் என்பதால் இடையில் அரை மணி நேரம் விடுவார். கால்சியம் நானூற்று இருபது, பிஎச் எட்டு புள்ளி இரண்டு. ஆறு வருஷமாக இந்தக் கணக்குப் பிசகியதில்லை.

அந்த வருஷம் குளிர்காலத்தில் தங்கச்சி குடும்பம் வந்து சேர்ந்தது. அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகி, ஒரு பக்கம் இடிந்தே விழுந்துவிட்டது. சரிபண்ண இரண்டு மாசமாவது ஆகும் என்றார்கள். தங்கச்சி, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், பள்ளிக்கூடம் போகிற மகள், ஐந்து மாசக் கைக்குழந்தை என்று நாலு பேர். இரண்டு பேர் இருந்த வீட்டில் இப்போது ஆறு பேர். குழந்தைக்குச் சளி பிடித்திருந்ததால் ஜன்னல்கள் எல்லாம் இறுக்கிச் சாத்தியாயிற்று.

நாலாம் நாள் காலையில் தொட்டியின் பிஎச் மீட்டரைப் பார்த்த கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. எட்டு புள்ளி பூஜ்யம். மறுநாள் ஏழு புள்ளி ஒன்பது. அந்த வாரக் கடைசியில் ஏழு புள்ளி எட்டு. மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று கழுவித் துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார். அது பிடித்த பிடியை விடவில்லை. காரம் போதவில்லை போலிருக்கிறது என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டு காரப் புட்டியை எடுத்தார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஊற்றினார். எண் கொஞ்சம் ஏறுகிற மாதிரி ஏறி, மதியத்துக்குள் இறங்கிவிட்டது. மறுநாள் மூன்று மடங்கு. அதற்கு அடுத்த நாள் பொறுமை போய், கால்சியம் ஊற்றிய கையோடு காரத்தையும் கவிழ்த்துவிட்டார்.

கண்ணெதிரே தண்ணீர் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்தது. மீன்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை.

வெளுப்பு அடங்கியபின் கால்சியம் சோதித்துப் பார்த்தார். சின்னக் குழாயில் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு நீலமாகிற இடம்தான் அளவு. சீக்கிரமே நீலமாகிவிட்டது. முன்னூற்று நாற்பது. கிளைப் பவளம் ஒன்றின் நுனிகள் எலும்பாக வெளுத்துக் கிடந்தன. மற்றவை வாயை மூடிக்கொண்டு சுருங்கிப்போயிருந்தன.

அன்று அவர் கடைக்குப் போகவில்லை. அஞ்சில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றினார். பிறகு உட்கார்ந்து, இனிமேல் தெரியாமல் எதையும் ஊற்றுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு யோசித்தார். தொட்டித் தண்ணீரை இரண்டு ஜாடியில் எடுத்தார். காற்றுக் குமிழி விடுகிற சின்ன மோட்டார் இரண்டு இருந்தன. ஒரு ஜாடியைக் கூடத்தில் வைத்துக் குமிழி விட்டார். இன்னொன்றைப் பால்கனிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டுக் குமிழி விட்டார். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், கூடத்து ஜாடியில் ஏழு புள்ளி எட்டு. பால்கனி ஜாடியில் எட்டு புள்ளி இரண்டு.

அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. தண்ணீரில் குற்றமில்லை. வீட்டுக் காற்றில் கரியமில வாயு ஏறிவிட்டது. அது தண்ணீரில் கரைந்து அமிலமாகிறது. எத்தனை காரம் கொட்டினாலும் காற்று மாறாமல் எண் மாறாது.

சமையலறையில் மனைவியிடம் மெதுவாகத்தான் சொன்னார். "ஆறு பேர் விடற மூச்சு. ஜன்னலும் சாத்தியிருக்கு. அதான் பவளம் செத்துட்டு இருக்கு."

"அதுக்கு என்னங்க பண்ண முடியும்?"

"என்ன பண்றது. அவங்க போற வரைக்கும் இப்படித்தான்."

திரும்பினால் வாசலில் தங்கச்சி, குழந்தையின் பால் புட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். புட்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் துணிகளை மடித்துப் பெட்டியில் வைப்பதைப் பார்த்தார். அறை வாசலிலேயே நின்றார்.

"பக்கத்துத் தெருவுல ஒரு வீடு காலியா இருக்காம்ணா. ரெண்டு மாசத்துக்குக் குடுப்பாங்களாம்" என்றாள், நிமிராமல்.

"இப்ப யாரு உன்னைப் போகச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஆனா மூச்சு விடாம இருக்க எங்களால முடியாதுல்ல."

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தங்கச்சி சின்னப் பெண்ணாக இருந்தபோதும் இப்படித்தான். சண்டை போட மாட்டாள், அழவும் மாட்டாள். நிதானமாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அது ஒரு வாரத்துக்கு உறுத்தும்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்தார். பெட்டியையும் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார். தங்கச்சி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. கண்ணாடிக்காரர்தான் ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார், காரத்தைக் கவிழ்த்தது முதல் சமையலறையில் பேசியது வரை. சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று.

மாப்பிள்ளை முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டார். "இவ்வளவுதானா மச்சான்? எட்டுப் பேர் ஏறுற லிஃப்ட்டுக்குள்ள இதே கதைதான். அதுக்குன்னு ஆளை இறக்கியா விடறோம்? வெளிக்காத்துக்கு வழி வைக்கறோம். இந்தத் தொட்டி காத்து இழுக்கற இடம் எது?"

தொட்டிக்குக் கீழே அழுக்கை நுரையாக்கித் தள்ளுகிற ஸ்கிம்மர் இருந்தது. அதுதான் நாள் முழுக்கக் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் கலக்கிறது. கண்ணாடிக்காரர் காட்டினார். மாப்பிள்ளை குனிந்து பார்த்து, விரலால் குழாயின் வாயை அளந்துகொண்டார். "ஜன்னல் கட்டையில ஒரு ஓட்டை போட்டு இதை வெளிய விட்டுடலாம். ஜன்னல் சாத்தினபடியே இருக்கட்டும். பிள்ளைக்கும் குளிர் அடிக்காது."

ஆறு வருஷமாக யாரையும் தொட்டிப் பக்கம் அண்டவிடாதவர், அன்று டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை மரச்சட்டத்தில் துளை போட்டு, குழாயை வெளியே நீட்டி, பூச்சி புகாமல் முனையில் வலைத்துணி கட்டி, இடுக்கைப் பசையால் அடைத்தார். அரை மணி நேர வேலை. ஸ்கிம்மர் தெருக் காற்றை இழுக்க ஆரம்பித்தது.

மறுநாள் மதியம் மீட்டரில் எட்டு. அதற்கடுத்த நாள் எட்டு புள்ளி ஒன்று. அதற்குமேல் ஏறவில்லை. அது போதும் என்று விட்டுவிட்டார்.

எண் ஏறியதால் மட்டும் தங்கச்சி முகம் தெளிந்துவிடவில்லை. பெட்டி மூடாமலேயே கட்டிலடியில் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் அவர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நான் பேசினது தப்பு. அந்த வீடு வேண்டாம்னு சொல்லிடு" என்றார். அவள் மடியிலிருந்த குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்தாள். "நேத்தே சொல்லிட்டேன்" என்றாள்.

கால்சியத்தை ஒரே நாளில் ஏற்றக் கூடாது. நாளுக்கு ஐந்தாறு என்று ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் கடைக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டிய நாட்களில் தங்கச்சியே சொட்டு மருந்து விட்டுப் பார்த்தாள். அவருக்குப் பதினெட்டுச் சொட்டா பத்தொன்பதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் அவளுக்கு வராது. கை அத்தனை நிதானம். ஒரு வாரத்தில் முன்னூற்று எண்பது, அதற்குப் பிறகு நானூறு. கிளைப் பவளத்தின் வெளுத்த நுனிகள் பிழைக்கவில்லை. அவற்றை வெட்டியெடுத்தார். மீதிக் கிளைகளில் சின்னச் சின்ன வாய்கள் மறுபடி திறந்தன. தங்கச்சி மகள் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு அவற்றை எண்ணப் பார்த்து, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டாள்.

கூரை வேலை முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளம்பினார்கள். மாப்பிள்ளை போகிற போக்கில் ஜன்னல் கட்டைப் பசையை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே தங்கச்சி போன் செய்தாள். "எவ்வளவுண்ணா?"

"நானூத்திப் பத்து."

அடுத்த நாளும் கேட்டாள். அதற்கு முன்னால் அண்ணனும் தங்கையும் மாசத்துக்கு ஒரு தடவை பேசினால் அதிகம். பேசினாலும் உடம்பு எப்படி, வேலை எப்படி என்பதோடு முடிந்துவிடும். இப்போது எண்ணைச் சொல்லி முடித்த பிறகும் பேச்சு நீண்டது. குழந்தை தவழ ஆரம்பித்தது, மாப்பிள்ளை நாலாம் மாடியில் மாட்டிக்கொண்டது, கடைக்கு வந்த ஒருவர் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டே அதைத் தேடியது.

ஒரு நாள் கடையில் கூட்டம். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தது.

"இன்னிக்குப் பாக்கவே இல்லம்மா. மறந்துட்டேன்" என்றார்.

"சரி, சாப்பிட்டுட்டுப் போய்ப் பாருண்ணா" என்றாள் தங்கச்சி. "நான் வைக்கல, லைன்லயே இருக்கேன்."